சோலார் யூனிட் இரண்டரை ரூபாய் என்றால் கரண்ட் பில் ஏன் குறையவில்லை?

கேள்வி இதுதான்: “சோலார் மின்சாரம் யூனிட் இரண்டரை ரூபாய்க்குக் கிடைக்கிறது என்கிறார்கள். நிலக்கரி மின்சாரம் அதைவிட விலை அதிகம். அப்படியானால் நிலக்கரியை விட்டு மாறினால் மிச்சம்தானே ஆக வேண்டும்? மாறுவதற்குப் பெரும் செலவாகும் என்று ஏன் சொல்கிறார்கள்? என் வீட்டு பில் ஏன் குறையவில்லை? மாடியில் நானே சோலார் போட்டுக்கொண்டால் லாபமா?”

நூற்பாலைகளுக்கு மின்சாரக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அதனால் பெரும்பாலும் தமிழ்நாட்டை வைத்தே பதில் சொல்கிறேன். காற்றாலையில் முதலில் இறங்கிய மாநிலங்களில் இது ஒன்று என்பதால், இந்த மாற்றத்தின் நல்லது கெட்டது இரண்டையும் மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிட்டோம்.

இரண்டரை ரூபாய் பொய்யில்லை. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்காவுக்கு நடந்த ஏலத்தில் யூனிட் 2.44 ரூபாய்க்கு வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99 வரை இறங்கியது. அப்புறம் கொஞ்சம் ஏறி இரண்டரையை ஒட்டி நிற்கிறது. ஆனால் அந்த விலை மின்நிலையத்தின் வாசலில், வெயில் அடிக்கிற நேரத்துக்கு மட்டும். உங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு ஓடுகிற ஏசிக்கு அந்த விலையில் கரண்ட் தருகிறேன் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஏலம் எடுத்தவர் வெயில் இருக்கும்போது தருவார். மற்ற நேரத்துக்கு ஏற்பாடு செய்வது வாங்குகிறவர் பாடு. மாறுவதற்கான செலவில் பெரும்பகுதி அந்த ‘வாங்குகிறவர் பாடு’ என்பதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. மொத்தம் எவ்வளவு என்று ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். அதைவிட, எந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதலில் வட்டி. சோலாருக்கு எரிபொருள் செலவு கிடையாது. செலவெல்லாம் முதல் நாளே முடிந்துவிடுகிறது. ஒரு மெகாவாட் அமைக்க நான்கு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 16 லட்சம் யூனிட் வரும். அந்த நான்கு கோடியையும் 6 சதவீத வட்டியில் 25 வருடத் தவணையாகக் கட்டினால் வருடத்துக்கு 31 லட்சம் சொச்சம், அதாவது யூனிட்டுக்கு 1.95 ரூபாய். வட்டி 10 சதவீதம் ஆனால் வருடத்துக்கு 44 லட்சம், யூனிட் 2.75. சோலார் தகடும் வெயிலும் அதேதான். கடன் கொடுத்தவர் மாறியதற்கு மட்டும் 80 பைசா. அனல் மின்நிலையத்தில் செலவின் பெரும்பங்கு நிலக்கரிக்குப் போவதால் வட்டி இந்த அளவு ஆட்டிவைக்காது. பணக்கார நாடுகளுக்கு இந்த மாற்றம் மலிவாகவும் மற்றவர்களுக்கு விலையாகவும் இருப்பதன் முக்கியக் காரணம் இது. ஒரே நாட்டுக்குள்ளும் இதே கதைதான். உற்பத்தியாளர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி வைக்கிற மாநிலத்துக்குக் கடன் கொடுப்பவர், அந்தப் பயத்துக்கும் சேர்த்து வட்டி போடுவார். பாக்கியைத் தவணையாக அடைக்க வைக்கும் விதிகளை 2022-ல் மத்திய அரசு கொண்டுவந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியது.

இனி காற்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி ஆடியில் போனவர்களுக்குத் தெரியும், வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாகப் பாய்கிறது. முப்பந்தலிலும், பல்லடம் உடுமலைப் பக்கமும் காற்றாடிகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் சோதனைக்காகச் சில காற்றாடிகளை நிறுத்தினார்கள். இன்று மாநிலத்தில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. 2022 ஜூலையில் ஒரே நாளில் 12 கோடி யூனிட் வந்தது. ஆனால் ஒரு வருட உற்பத்தியில் பெரும்பங்கு அந்த நாலைந்து மாதத்திலேயே வந்துவிடும். மாசி பங்குனியில் அதே காற்றாடி பல நாள் சும்மா நிற்கும்.

இந்தக் காற்றாடிகளில் நிறைய, தனியாருக்குச் சொந்தம். கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து ஆலைகள் வாங்கிப் போட்டவை. 1990-களில் முதல் வருடமே காற்றாடி விலையில் 100 சதவீதத்தைத் தேய்மானம் என்று, வரி கட்ட வேண்டிய வருமானத்தில் கழித்துக்கொள்ள விட்டார்கள். அது 80 சதவீதமாகி, 2017 ஏப்ரலிலிருந்து 40 ஆனது. லாபம் வந்த வருடத்தில் “வரி கட்டுவதற்குப் பதிலாகக் காற்றாடி வாங்கிப் போடுங்கள்” என்று ஆடிட்டர்களே சொன்ன காலம் அது. அரசு விட்டுக்கொடுத்த அந்த வரியும் இந்த மாற்றத்தின் செலவுதான். யாருடைய கரண்ட் பில்லிலும் அது தெரியாது.

அடுத்தது பேங்கிங். இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் அதிகம் கேள்விப்படாத சங்கதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆலைக்குச் சொந்தமான காற்றாடி ஆடியில் ஆலையின் தேவையைவிட அதிகமாக உற்பத்தி செய்யும். மிச்சத்தை மின்வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து மாசியில் எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. அதற்குக் கட்டணமாகப் பணம் கட்ட வேண்டாம், யூனிட்டிலேயே 14 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். மார்ச் 31-ல் மீதி இருந்தால் வாரியம் அதைக் காற்றாலை விலையில் 75 சதவீதம் கொடுத்து எடுத்துக்கொள்ளும். 2018 மார்ச்சுக்குள் ஓட ஆரம்பித்த காற்றாடிகளுக்குத்தான் இந்த ஒரு வருட வசதி.

மாதா மாதம் ஆலைக்கு வருகிற கணக்குத் தாளில் காலை உச்ச நேரம், மாலை உச்ச நேரம், இரவு, சாதாரண நேரம் என்று யூனிட்டுகள் பிரிந்து கிடக்கும். உச்ச நேரத்தில் காற்றாடி ஓடி வந்த யூனிட்டை எந்த நேரத்துப் பயன்பாட்டிலும் கழித்துக்கொள்ளலாம். ராத்திரி வந்த யூனிட்டைக் கொண்டுபோய் உச்ச நேரத்தில் கழிக்க முடியாது. உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் என்பதால், ஆலை முதலாளிக்கு ஒரு யூனிட் எத்தனை மணிக்கு வந்தது என்பது முக்கியம். பொங்கல் முடிந்ததும் பேங்கிங்கில் மீதி எவ்வளவு, எதில் எவ்வளவு என்று கேட்டு எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும்.

இதையே வாரியத்தின் பக்கம் நின்று பாருங்கள். ஆடியில் ஆலை கொடுக்கிற யூனிட், எல்லோருமே கொடுக்கிற நேரத்தில் வருகிறது. மழை பெய்து ஊரே ஃபேனை அணைத்துவிட்டுத் தூங்கும் ராத்திரி இரண்டு மணிக்கும் காற்றாடி சுற்றும். அப்போது வெளிச்சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு. மாசியில் ஆலை திருப்பிக் கேட்கும்போது, பரீட்சைக் காலம், வெயில் ஏறுகிறது, சந்தை விலை உச்சத்தில். மலிவான நாளில் வாங்கி வைத்து விலையான நாளில் அந்த 14 சதவீதம் போக மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் வாரியத்திடம் அதை அத்தனை மாதம் சேமித்து வைக்க எந்தச் சாதனமும் கிடையாது. வாரியத்தின் நஷ்டக் கணக்குதான் இங்கே பேட்டரி. 14 சதவீதம் போதாது என்று வாரியமும், அதுவே அதிகம் என்று ஆலைகளும் மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வருடக்கணக்காக வாதாடுகிறார்கள். என் பிழைப்பு ஆலைகளோடு. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் வாரியம் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆலைகளுக்கும் குறை இல்லாமல் இல்லை. காற்று நன்றாக அடிக்கிற நாளில் “நிறுத்து” என்று உத்தரவு வரும். இதைப் பேக்டவுன் என்பார்கள். 2010-களின் முதல் பாதியில் இது பெரிய தலைவலி. தெற்கே உற்பத்தியாவதை வடக்கே கொண்டுபோக லைன் போதவில்லை. பிறகு கயத்தாறு, தப்பக்குண்டு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 1,765 கிலோமீட்டர் நீளத்தில், 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய நேர்மின்பாதை போட்டார்கள். நமக்குத் தேவைப்படும்போது அங்கிருந்து வரும், காற்று சீசனில் இங்கிருந்து போகலாம். நல்ல ஏற்பாடு. அதன் செலவு யூனிட்டின் ஏல விலையில் சேராது, லைன் வாடகையாகத் தனியே வரும். கொங்குப் பக்கம் தென்னந்தோப்பு நடுவே உயர்மின் கோபுரம் வந்து, நஷ்டஈடு போதாது என்று விவசாயிகள் போராடினார்களே, அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

சரி, சேமித்து வைக்கவே முடியாதா? முடியும், நாற்பது வருடமாக நாமே செய்துகொண்டிருக்கிறோம். ஆனைமலையில் காடம்பாறை என்று ஒரு மின்நிலையம், மலைக்குள் குடைந்து கட்டியது. 1980-களின் பிற்பகுதியில் ஓட ஆரம்பித்தது, 400 மெகாவாட். மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள்; தேவை வரும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். இந்த மாதிரி நிலையங்களில் ஏற்ற 100 யூனிட் செலவானால் திரும்பக் கிடைப்பது 75, 80 தான். அந்த இழப்பும் ஒரு செலவு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்று கட்ட ஆரம்பித்து வருடங்கள் ஓடிவிட்டன. மலையைக் குடைகிற வேலை எதுவும் சொன்ன தேதியில் முடிவதில்லை.

பேட்டரியில்தான் கடந்த சில வருடங்களில் கணக்கே மாறிப்போயிற்று. 2022-ல் நடந்த பெரிய ஏலத்தில், இரண்டு மணி நேரம் தாங்கும் ஒரு மெகாவாட் பேட்டரிக்கு மாத வாடகை ஏறக்குறைய 10.8 லட்சம் ரூபாய். நாளுக்கு ஒரு முறை ஏற்றி இறக்கினால் மாதத்துக்கு 60,000 யூனிட். அதாவது யூனிட்டுக்கு 18 ரூபாய் சேமிப்புச் செலவு மட்டும். 2024 கடைசியில், மத்திய அரசின் மானியம் சேர்த்து நடந்த ஏலங்களில் மாத வாடகை இரண்டேகால் லட்சம் அளவுக்கு வந்தது. அதே கணக்கில் யூனிட்டுக்கு 3.75. நாளுக்கு இரண்டு முறை பயன்படுத்தினால் அதிலும் பாதி. ஆக, பகல் சோலாரை மாலை எட்டு மணிக்குக் கொண்டுவருவது இன்று கைக்கு எட்டுகிற காரியம்தான். ஆனால் ஆடிக் காற்றை மாசிக்குக் கொண்டுபோக இந்தப் பேட்டரி ஆகாது. இரண்டு மணி நேரம் வேறு, ஏழு மாதம் வேறு.

அதனால் அனல் நிலையங்களை மூட முடியாமல் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாளுக்காக நிலக்கரி நிலையம் தயாராக நிற்க வேண்டும். மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தில் இரண்டு பகுதி உண்டு: எரித்த நிலக்கரிக்கான விலை ஒன்று, நிலையம் தயாராக இருப்பதற்கான நிலைக்கட்டணம் இன்னொன்று. சோலார் வந்து நிலக்கரியைத் தள்ளிவிட்டால் முதல் பகுதிதான் மிச்சமாகும். இரண்டாவதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். “ஐந்து ரூபாய் நிலக்கரிக்குப் பதில் இரண்டரை ரூபாய் சோலார்” என்கிற கணக்கில் பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த ஐந்தில் நிலக்கரிக்குப் போவது ஒரு பகுதி, அதோடுதான் இரண்டரையை ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஒடிசா நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலில் ஏறி, எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறங்குகிறது. வழிச்செலவே கணிசம். அதனால் சுரங்கத்துப் பக்கத்திலேயே நிலையம் வைத்திருக்கும் மாநிலங்களைவிட நமக்கு நிலக்கரியை எரிக்காமல் இருப்பதில் மிச்சம் அதிகம்.

கொதிகலனுக்கும் ஒரு பாடு. பகலில் சோலார் வரும்போது அதைத் தணித்து, மாலையில் சட்டென ஏற்ற வேண்டும். முழுக்க அணைத்தால் திரும்பச் சூடேற்ற மணிக்கணக்கில் ஆகும். குறைந்தபட்சம் 55 சதவீதத்தில் ஓட்டலாம் என்று இருந்ததை, 40 வரை இறக்கும்படி 2023-ல் மத்திய மின்சார ஆணையம் விதி கொண்டுவந்தது. பாதி வேகத்தில் ஓடும்போது ஒரு யூனிட்டுக்கு எரியும் கரி கூடும், குழாய்கள் சீக்கிரம் தேயும். இவ்வளவுக்குப் பிறகும் புதிய அனல் திட்டங்களுக்குப் பணம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். வடசென்னையின் 800 மெகாவாட் 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. உடன்குடி, எண்ணூர் திட்டங்கள் தலா 1,320. நாளைக்கு இவை பாதி நேரம் சும்மா நின்றாலும் கடன் தவணை நிற்காது.

முந்திக்கொண்டு வாங்கியதற்கும் ஒரு விலை இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி நிறுவனத்தின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-ல் வந்தது. 2,500 ஏக்கர். அப்போது உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய், 25 வருடத்துக்கு. மறு வருடமே தமிழ்நாடு கோரிய 1,500 மெகாவாட் டெண்டரில் விலை 3.47. ஒரு வருடம் பொறுத்திருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். எல்லோரும் பொறுத்திருந்தால் விலை இறங்கியிருக்காது. ஆனால் அந்த 7.01 வருடா வருடம் பில்லில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆந்திரம் 2019-ல் இப்படிப்பட்ட பழைய ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்கப் பார்த்தது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து அரசுக்குச் சாதகமாக முடியவில்லை. அதற்குள் அந்த மாநிலத்தில் பணம் போடவே ஆட்கள் யோசித்தார்கள். எழுதிக்கொடுத்ததை மாற்றப் போனால் அடுத்த ஒப்பந்தத்தின் வட்டியில் அது வந்து நிற்கும்.

இந்த முந்திக்கொள்ளும் செலவை உலகத்துக்காகச் சுமந்தது என்றால் ஜெர்மனிதான். 2000-ம் ஆண்டு சட்டம் போட்டு, சோலார் மின்சாரத்துக்கு 20 வருடம் உயர்ந்த விலை உறுதி என்றார்கள். 2004 வாக்கில் கூரைச் சோலாருக்கு யூனிட்டுக்கு 50 சென்டுக்கும் மேல். அந்த வருடம் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூர்கன் டிரிட்டின், ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு யூரோதான் ஆகும், ஒரு ஐஸ்கிரீம் விலை என்றார். அந்த உயர்ந்த விலைக்காக பில்லில் சேர்த்த கூடுதல் கட்டணம் 2017-ல் யூனிட்டுக்கு 6.88 சென்ட். அந்த ஐஸ்கிரீமைச் சொல்லிச் சொல்லி இன்றுவரை அவரைக் கிண்டல் செய்கிறார்கள். பெரிய ஆலைகளுக்கு அதில் பெருமளவு விலக்கு, பாரம் வீடுகளின் மேல். 2022 ஜூலையில் அந்தக் கட்டணத்தை பில்லிலிருந்து எடுத்து அரசு பட்ஜெட்டுக்கு மாற்றினார்கள். செலவு அதனால் மறையவில்லை, வரியாகக் கட்டுகிறார்கள். ஜெர்மன் வீடுகள் கட்டிய காசில்தான் சீனத்துத் தொழிற்சாலைகள் பெருகின, தகடு மலிவானது. பட்லாவின் 2.44-க்குப் பின்னால் அவர்கள் கட்டிய பில் இருக்கிறது.

இதுவரை சொன்னது மின்சாரக் கணக்கு. நிலக்கரியும் பெட்ரோலும் வேறு யாருக்கெல்லாம் சோறு போடுகின்றன என்பது தனிக் கணக்கு. ரயில்வேயின் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அதில் வருகிற லாபத்தில்தான் நம் பயணச்சீட்டு மலிவாக இருக்கிறது. நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் என்று 2010-ல் தொடங்கிய தீர்வை 2016-ல் 400 ரூபாயாகி, 2025 செப்டம்பர் வரை இருந்தது. பெட்ரோலியத் துறையிலிருந்து மத்திய மாநில அரசுகளுக்குச் சேர்ந்து போகும் பணம் வருடத்துக்கு ஏழு லட்சம் கோடியைத் தாண்டியிருக்கிறது. வண்டியெல்லாம் மின்சாரத்துக்கு மாறினால் அந்தப் பணத்தை வேறு எங்கிருந்தோ வசூலித்தாக வேண்டும். அநேகமாக மின்சாரத்திலிருந்தே வசூலிப்பார்கள் என்பது என் ஊகம். மறுபக்கம், கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. அதற்குப் போகிற டாலர் மிச்சமாகும். நாட்டுக்கு லாபம், நிதியமைச்சருக்கு நஷ்டம்.

வேலை விஷயத்தில் இடம்தான் பிரச்சினை. வெயிலும் காற்றும் மேற்கிலும் தெற்கிலும், ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு. நிலக்கரி கிழக்கில், ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர். தன்பாத்தில் போகிற வேலை பட்லாவில் முளைத்தால் தன்பாத்காரருக்கு என்ன பயன்? அவ்வளவு தூரம் போக வேண்டாம், நெய்வேலியைப் பாருங்கள். சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் ஓட ஆரம்பித்த முதல் அனல் நிலையத்தின் 600 மெகாவாட்டையும் 2020-ல் நிறுத்திவிட்டார்கள். அதை நடத்திய என்எல்சி நிறுவனம் சும்மா இல்லை. விருதுநகர், திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களில் சோலார் போட்டது. நிறுவனம் பிழைத்துக்கொள்ளும். நிரந்தரத் தொழிலாளியை இன்னொரு யூனிட்டுக்கு மாற்றுவார்கள். அப்பா காலத்திலிருந்து ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர், டவுன்ஷிப் வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் கமுதிக்குப் போக முடியாது. போனாலும் தகடு துடைக்க அத்தனை பேர் தேவையில்லை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து அதற்குப் பதிலாக வேலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பங்கள் வேறு. நிலமும் போய், வேலையும் வராமல் போகும் என்கிற பயம் அங்கே நிஜம்.

இதற்கென்று பணம் ஒதுக்கிய நாடுகள் உண்டு. ஜெர்மனி தன் நிலக்கரிப் பகுதிகளுக்கு 2038 வரை 4,000 கோடி யூரோ என்று சட்டமே போட்டது. தென்னாப்பிரிக்காவுக்கு 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் பணக்கார நாடுகள் 850 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. விவரம் பார்த்தால் பெரும்பகுதி கடன். 2022 அக்டோபரில் கொமாட்டி அனல் நிலையத்தை மூடினார்கள், ஊர் படுத்துவிட்டது. மாற்று வேலைகள் வருவதற்கு முன்பே மூடியதுதான் தவறு என்று அங்கே இன்றும் பேச்சு. கடனாகக் கொடுத்துவிட்டு உதவி என்று பெயர் வைப்பது எனக்கு ஏற்புடையதில்லை.

மாறாமல் இருந்தால் செலவே இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022-ல் உக்ரைன் போரோடு நிலக்கரி விலை ஏறியபோது, மின்சாரச் சந்தையில் யூனிட் 20 ரூபாயைத் தொட்டு, மத்திய ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு 12 ரூபாய்க்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. இறக்குமதி நிலக்கரியில் ஓடும் நிலையங்களைக் கட்டாயம் ஓட்டும்படி மத்திய அரசு உத்தரவு போட்டது. நிலக்கரியின் விலை நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. காற்றாடியின் விலை அதை நிறுத்திய அன்றே தெரியும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து மீன்பாடு போனதற்கும் யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அனல் மின்சாரத்தின் யூனிட் விலையில் அது இல்லை.

உங்கள் பில் ஏன் குறையவில்லை என்பதற்கு நேரடிப் பதில் இவற்றில் பாதிதான். மீதி பாதி வாரியத்தின் பழைய கடன். 2014 டிசம்பரில் கட்டணத்தை உயர்த்தியவர்கள் அடுத்து 2022 செப்டம்பரில்தான் உயர்த்தினார்கள். நடுவில் ஏறிய விலைவாசியெல்லாம் கடனாகப் போயிற்று. சேர்ந்த நஷ்டம் ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். வட்டி மட்டும் வருடத்துக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல். சோலார் மலிவானதால் வாரியத்துக்கு வருகிற மிச்சம் முதலில் அந்த வட்டிக்குத்தான் போகும். இன்னொன்றும் இருக்கிறது. விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இதை அரசின் மானியமும், யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் கட்டும் ஆலைகளும் சேர்ந்து தாங்குகின்றன. அந்த ஆலைகள்தான் சொந்தக் காற்றாடி, சொந்த சோலார் என்று முதலில் வெளியே போகின்றன. நன்றாகப் பணம் கட்டுகிற வாடிக்கையாளர் போகப் போக மிச்சமிருப்பவர்கள் மேல் சுமை கூடும். அதைத் தடுக்க ஆணையம் வெளியே போகிறவர்களிடம் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் என்று ஒன்றை வசூலிக்கிறது. ஆலைக்காரர்கள் அதைத் திட்டாத நாள் கிடையாது.

கடைசியாக உங்கள் மாடி. நீங்கள் சோலார் போட்டால் அந்த ஆலை செய்ததைத்தான் சிறிய அளவில் செய்கிறீர்கள். தப்பில்லை, ஆனால் லாபமா என்பது உங்கள் பில்லைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்கு 200, 300 யூனிட் ஓடுகிற வீடு என்றால் ஏற்கெனவே மானிய விலையில்தான் வாங்குகிறீர்கள், அவசரப்பட வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால், மேலே உள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ஒன்பது ரூபாய், அதற்கு மேலும் கட்டுகிறீர்கள். சோலார் முதலில் கழிப்பது அந்த விலை அதிகமான யூனிட்டுகளைத்தான். 3 கிலோவாட் போட்டால் நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரும், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மத்திய மானியம். வாங்குவதையும் கொடுப்பதையும் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் இருக்க வேண்டும். பகலில் நீங்கள் தரும் யூனிட்டை ராத்திரி திருப்பி எடுத்துக்கொள்வதும் ஒரு வகை பேங்கிங்தான், அந்த வசதியின் விதிகள் இன்றுபோல் எப்போதும் இருக்கும் என்று எண்ணி, போட்ட பணம் திரும்பும் கணக்கைப் பத்து வருடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நாலைந்து வருடத்தில் போட்ட பணம் திரும்புகிற மாதிரி இருந்தால் இறங்கலாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை எங்கே விழுகின்றன என்று ஒரு நாள் மாடியில் ஏறிப் பார்த்துவிடுங்கள். விற்க வருகிறவர் அதைச் சொல்லமாட்டார்.